ஓனரம்மா பார்த்துக் கொடுத்த வேலை

எனக்கு ஒரு வேலை இருந்தது என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. அவர் மேல் தப்பில்லை. காலையில் குளித்து, தலை வாரி, சட்டை போட்டுக்கொண்டு, படுக்கையறையிலிருந்து ஹால் வரை நடந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறவனை வேலைக்குப் போகிறவன் என்று யார் நம்புவார்கள்? என் மாமனாரே பாதிதான் நம்பினார்.

ஓசூர் பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லேஅவுட். அதில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் சில வருடங்கள் குடியிருந்தோம். கீழே அவர் தனியாக இருந்தார். எங்களுக்குள் பேசும்போது அவர் ஓனரம்மா, நேரில் அக்கா. என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளை அவர் டீச்சரம்மா என்பார். என்னைத் தம்பி என்பார். தெருவில் யாராவது என்னைக் காட்டிக் கேட்டால், “டீச்சரம்மா வூட்டுக்காரரு” என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “பாவம், வூட்லதான் இருக்காரு” என்று சேர்ப்பார். ஆபரேஷன் முடிந்து வந்தவர்களைப் பற்றிச் சொல்கிற குரல் அது.

நான் பெங்களூரில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் இருந்தேன். ஆபீசுக்கு வாடகை கட்டுவது வீண் என்று ஒரு நாள் அவர்களுக்கு ஞானம் பிறந்தது. ஆளுக்கொரு லேப்டாப்பைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சுதந்திரம். எந்த லாரி எங்கே வருகிறது, ஏன் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று திரையில் பார்த்து, டிரைவர்களோடு போனில் மல்லுக்கட்டுவது என் வேலை. கீழே இருந்து கேட்டால் அது நாளெல்லாம் ஒருவன் சிநேகிதர்களோடு அரட்டை அடிப்பது போலத்தான் இருந்திருக்கும். “அண்ணா, சாப்டீங்களா? எங்க இருக்கீங்க? கிளம்பிட்டீங்களா?” என்று ஒருவன் பத்து பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் அதை உத்தியோகம் என்று எந்தச் சட்டத்தில் சேர்ப்பது?

அவருக்கு வேலை என்றால் என்ன என்பதில் குழப்பமே கிடையாது. வேலை என்பது வீட்டு கேட்டுக்கு வெளியே இருப்பது. டிபன் பையோடு அங்கே போக வேண்டும், நாளெல்லாம் நிற்க வேண்டும், கால் வலியோடு திரும்பி வர வேண்டும். அவர் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றே சூப்பர்வைசர் ஆனவர். முட்டி தேய்ந்து போனதால் வெளியே வந்துவிட்டார். ஆனால் சூப்பர்வைசர் உத்தியோகத்தை மட்டும் விட்டுவிட்டு வர மறந்துவிட்டார். காலையில் கம்பெனி பஸ்கள் கிளம்பும் நேரத்துக்கு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யார் போகிறார், யார் போகவில்லை என்று தெருவின் வருகைப் பதிவு அவர் கண்ணில் இருந்தது. பால்காரரைக் கன்னடத்தில் திட்டுவார், தங்கையைப் போனில் தெலுங்கில் திட்டுவார், எங்களைத் தமிழில். மூன்றிலும் வேகம் ஒன்றுதான்.

மாடியில் ஓர் ஆண்பிள்ளை சும்மா இருக்கிறான் என்பது அவரால் தாங்க முடியாத விஷயம். லைனில் ஒரு ஆள் கை கட்டி நின்றால் சூப்பர்வைசருக்கு எப்படி இருக்கும்? ஆகவே எனக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி, வூட்லதான இருக்கற. மோட்டார் போட்டுருக்கேன். டேங்க் நெம்பினா நிறுத்திடு.”

“தம்பி, வூட்லதான இருக்கற. கேஸ்காரன் வருவான், கொஞ்சம் பாத்துக்க.”

இப்படித்தான் தெரு முழுக்க வருகிற பார்சல்களுக்கு நான் பொறுப்பாளி ஆனேன். எதிர்வீட்டு பாய் மாம்பழ மண்டி வைத்திருந்தார். சீசனில் அவருக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து யார் வந்து தேடினாலும் ஓனரம்மா மாடியைக் காட்டுவார். நான் கம்பெனி மேலாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படி ஜன்னலுக்கு வெளியே ஓனரம்மாவின் தலை தெரியும். நான் காதிலிருந்த கருவியைக் காட்டுவேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “பாட்டுக் கேட்டது போதும், எறங்கி வா” என்பார்.

ஒரு தடவை சூளகிரியில் அவர் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் அழைத்துப் போனார். பந்தியில் பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்களிடம், “டீச்சரம்மா ரொம்பப் பொறுமைசாலி. தம்பிதான் தேடிக்கிட்டு இருக்காரு” என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு வேலை இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பெரியவர் என் முதுகைத் தட்டி, மனசைத் தளர விடக்கூடாது என்றார். சுற்றியிருந்தவர்கள் எனக்கு இன்னொரு ஜிலேபி போடச் சொன்னார்கள். அதைச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே மனைவியிடம் சொல்வேன். அவளும் சிரிப்பாள். ஒரு நாள் சிரிக்கவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஓனரம்மா தன் வீட்டுக்காரரைப் பற்றி அவளிடம் பேசியிருக்கிறார். அவர் பிசினஸ் செய்யப் போகிறேன் என்று வேலையை விட்டவர். அதன்பிறகு செத்துப்போகிறவரை வீட்டில் நாற்காலியில்தான் இருந்தாராம். குடி இல்லை, அடி இல்லை. காலையில் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார், நாலு பேருக்குப் போன் பண்ணுவார், சாயந்திரம் எழுந்திருப்பார். இவர் ஷிப்டு முடிந்து வந்து அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பார்.

“கண்ணு, எனக்கு வாய் வரல. இன்னைக்கி கேக்கலாம், நாளைக்கி கேக்கலாம்னு இருந்துட்டேன். நீ அப்பிடி இருக்காத” என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு சில நாள் நான் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவதற்கே கூச்சப்பட்டேன். பனியனோடு உட்கார்ந்தால் மேலாளர் கேமராவைப் போடச் சொல்வார். சட்டைக்கே திரும்பினேன்.

நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமையை.

ஓசூர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை. காலையில் வேண்டாத விருந்தாளி போல வந்து உட்காரும், எப்போது கிளம்பும் என்று கேட்கவும் முடியாது. மனைவி ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை வெளியே தள்ளினாள். ஓனரம்மா குடையோடு கேட்டைத் திறந்துவிட்டார்.

“ரோடெல்லாம் சேறு. மெதுவாப் போ கண்ணு.”

பிறகு தலையை நிமிர்த்தி, காபி டம்ளரோடு பால்கனியில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு கேட்டைச் சாத்தினார். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் மீளாய்வு நாள். அந்த வாரம் என்ன கிழித்தோம் என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். இந்த முறை என்னை மட்டும் தனியாக மூன்று மணிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. மேலாளரோடு எச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு பெண்ணும் இருப்பாராம். அதற்கு முந்தைய வாரம் இப்படித் தனியாக அழைக்கப்பட்ட இரண்டு பேரின் பெயர்கள் அன்று சாயந்திரமே கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து காணாமல் போயிருந்தன. எனக்கும் புரியாமல் இல்லை. ஆனாலும் காலையிலிருந்து வழக்கத்தைவிட ஒழுங்காக வேலை செய்தேன். பரீட்சை முடிந்த பிறகு பாடம் படிக்கிற புத்திசாலித்தனம்தான்.

பத்து மணி வாக்கில் ஓனரம்மா மேலே வந்தார். மொட்டை மாடியில் அவர் முந்தின நாள் காயப்போட்டு எடுக்க மறந்த துணி நனைகிறது. ஓடிப் போய் எடுத்துக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் ஒழுகுகிறது, வாளி வைக்க வேண்டும். வைத்தேன். மத்தியானம் தட்டில் களியும் கொள்ளுச் சாறும் கொண்டு வந்தார். மழை நாளில் எனக்குச் சாப்பாடு அவர்தான் கொடுப்பார். டீச்சரம்மா இல்லாத நேரத்தில் நானே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வேன் என்று அவரால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

“சோறு ஆக்கல. ஒக்காந்தே இருக்கறவங்களுக்குச் சோறு ஆவாது. களி தின்னு” என்றார்.

அவர் கிளம்பாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, இன்னிக்கி எங்கயும் போயிடாத.”

“எங்கக்கா போகப் போறேன்?”

“அதுக்கில்ல. மூணு மணிக்கு என் தங்கச்சி மருமவன் வர்றான். கம்பெனிங்களுக்கு ஆள் எடுத்து விடற காண்ட்ராக்டரு. கிரகப்பிரவேசத்துல பாத்தியே. உன்னப் பத்திச் சொல்லியிருக்கேன். மழைன்னு கூடப் பாக்காம வர்றான்.”

“அக்கா, மூணு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்குது.”

“அவனும் பேசத்தான் வர்றான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மூன்று மணிக்குத் திரையில் இரண்டு முகங்கள் வந்தன. மேலாளர் கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மட்டும் சிரித்த முகமாக, வானிலை எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மழை என்றேன். அருமை என்றார். பிறகு, இது ஒரு கஷ்டமான உரையாடல், இது என் திறமையைப் பற்றிய முடிவு இல்லை என்று ஆரம்பித்தார். போன மாதம்தான் மேலாளர் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். குடும்பத்தில் இப்போது ஆள் குறைக்கிறார்கள்.

அப்போது கதவு திறந்தது. ஓனரம்மா முன்னால், சொட்டச் சொட்ட நனைந்த ரெயின்கோட்டில் காண்ட்ராக்டர் பின்னால். நான் கையைக் காட்டிப் பொறுத்திருக்கச் சொன்னேன். காண்ட்ராக்டர் அதை உட்காரச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, நேராக எனக்குப் பின்னால் இருந்த சோபாவில் உட்கார்ந்தார். திரையின் மூலையில் என் தோளுக்கு மேலே அவர் ரெயின்கோட்டைக் கழற்றுவது தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் அசைந்தது. இது அந்தரங்கமான உரையாடல், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

“என் வீட்டு ஓனர்.”

“இன்னொருவர்?”

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. “எனக்கு வேலை கொடுக்க வந்திருக்கிறார்” என்றேன்.

மேலாளர் முதல் முறையாக கேமராவைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. வாழ்த்துகள் என்றார். இவ்வளவு நாள் அவரிடம் வேலை பார்த்து நான் வாங்கிய ஒரே வாழ்த்து அதுதான்.

ஓனரம்மா குனிந்து லேப்டாப்புக்குள் எட்டிப் பார்த்தார். “யாரு தம்பி அந்தப் பொண்ணு? லட்சணமா இருக்குது. ஏன் இப்பிடி ஒரே மாதிரி சிரிச்சிக்கிட்டே இருக்குது?”

தமிழ் புரியாத அந்தப் பெண் அவருக்கும் வணக்கம் சொன்னார். இன்னும் நாலு வாக்கியத்தில் என் விஷயம் முடிந்துவிட்டது. நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் திரை இருண்டு, கடவுச்சொல் கேட்டது. போட்டுப் பார்த்தேன். ஏற்கவில்லை. களி சாப்பிட்ட தட்டு பக்கத்திலேயே கழுவாமல் கிடந்தது.

“ஏன் தம்பி மொகம் இப்பிடி ஆயிடுச்சி?” என்றார் ஓனரம்மா.

“வேலை போயிடுச்சிக்கா.”

அவர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிண்டல் துளிகூட இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி, “எந்த வேலை?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. அதற்குள் என் போன் அடித்தது. ஒரு டிரைவர். குருபரப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனி வாசலில் மழையில் நிற்கிறார். கேட்டில் உள்ளே விட மாட்டேன் என்கிறார்களாம்.

“சார், காலைல இருந்து நிக்கறேன் சார். தார்ப்பாய் கிழிஞ்சிருக்குது. சரக்கு நனைஞ்சா என் தலைதான் உருளும்.”

எனக்கும் அந்தச் சரக்குக்கும் சம்பந்தம் அறுந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆபீஸ் நம்பருக்குப் பேசச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆபீஸ் என்று ஒன்று இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கம்பெனி செக்யூரிட்டியைப் பிடித்து, அவரிடமிருந்து ஸ்டோர்ஸ்காரரைப் பிடித்து, கெஞ்சி, கன்னடத்தில் கொஞ்சம், இந்தியில் கொஞ்சம் சண்டை போட்டு, லாரியைக் கூரைக்கு அடியில் விடச் செய்தேன். டிரைவர் திரும்பக் கூப்பிட்டு, “உள்ள விட்டுட்டாங்க சார். நல்லா இருங்க” என்றார்.

காண்ட்ராக்டர் அதுவரை டீ குடித்துக்கொண்டு கேட்டிருந்தார். அவர் எனக்காகக் கொண்டு வந்தது செக்யூரிட்டி வேலை. வந்ததும் என் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தும் வைத்திருந்தார்.

“லாரிக்காரங்கள இப்பிடிப் பேசிச் சமாளிப்பீங்களா?” என்றார்.

“இத்தனை நாளா அதத்தான் பண்ணிட்டு இருந்தேன்.”

“அப்பறம் ஏங்க சும்மா இருக்கறதா அக்கா சொன்னாங்க?” என்று அவரைப் பார்த்தார்.

ஓனரம்மா அசரவில்லை. “போன்லதான் பேசுது. போன்ல எல்லாருந்தான் பேசறாங்க” என்றார்.

“பேட்டைல ஒரு கம்பெனில டிஸ்பேட்ச் பாக்க ஆள் கேட்டாங்க. நின்னுட்டே இருக்கணும். திங்கக்கிழமை வந்து பாருங்க” என்று காண்ட்ராக்டர் எழுந்தார்.

அன்று சாயந்திரம் மனைவி முழங்கால்வரை சேறோடு வந்தாள். நான் எப்படிச் சொல்வது என்று ஹாலுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கேட்டில் ஓனரம்மா அவளை நிறுத்திப் பேசுவது மழைச் சத்தத்திலும் கேட்டது.

“டீச்சரம்மா, தம்பிக்கு வேல கெடச்சிடுச்சி.”

அவள் படியேறி வரும்போது முகமெல்லாம் கேள்வி. “என்னாங்க, புரமோஷனா?” என்றாள்.

நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். ரெயின்கோட்டைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்து கேட்டாள். காண்ட்ராக்டர் நனைத்துவிட்டுப் போன இடம்தான், இன்னும் கொஞ்சம் நனைந்தது. பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, “உங்ககிட்ட நல்ல ஷூ இருக்குதா?” என்று கேட்டாள். என்னிடம் ஷூவே இல்லை. சனிக்கிழமை மழையோடு மழையாகப் போய் வாங்கி வந்தோம்.

அந்த வாரக் கடைசியில் சொந்தபந்தம் எல்லாம் போனில் வந்தது. பாரூரிலிருந்து அண்ணன், சேலத்திலிருந்து மாமனார். ஒவ்வொருவர் குரலும் ஒரு படி இறங்கியிருந்தது. என் பெயருக்கு முன்னால் ஒரு ஐயோ ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு நாளில் என்னிடம் ஒரு மாற்றமும் இல்லாமல் பேசியது ஓனரம்மா மட்டும்தான். அவர் கணக்கில் நான் எதையும் இழக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, “வாளி நெம்பிடுச்சி தம்பி, ஊத்திட்டு வெய்யி” என்றார். அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கு இருந்த ஆறுதலை எந்தச் சொந்தக்காரரும் தரவில்லை.

திங்கட்கிழமை போனேன், வேலை கிடைத்தது. ஒரு கொட்டகைக்கு அடியில் நாளெல்லாம் நின்று, வருகிற லாரிகளில் சரக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். முதல் வாரம் கால் இரண்டும் மரக்கட்டை போல ஆயின. ராத்திரி மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவளே ஒரு நாள், “அக்கா இத்தன வருஷம் இப்பிடித்தான் நின்னிருக்காங்க, இல்ல?” என்றாள். நான் அதைப் பற்றி அதுவரை யோசித்ததில்லை.

ஓனரம்மாவிடம் மாற்றம் முதல் நாளே தொடங்கிவிட்டது. காலையில் டிபன் பையோடு இறங்கினேன். கேட்டை அவர் திறந்துவிட்டார், இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு.

“போயிட்டு வாங்க சார்” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தம்பி போய்விட்டது. அவர் மாடிப்படி ஏறுவதும் நின்றது. மோட்டாரை அவரே ஓடி ஓடி நிறுத்தினார். மழை வந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரே மொட்டை மாடிக்கு ஏறினார். அவர் படியேறும் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தால், “நீங்க ஏன் சார் வர்றீங்க, ரெஸ்ட் எடுங்க” என்று சுவரோரம் ஒதுங்கி வழி விடுவார். மாம்பழ மண்டி பாயிடமும், “சார் இப்ப டூட்டிக்குப் போறாரு, அங்க தொந்தரவு பண்ணாதீங்க” என்று சொல்லி வைத்தார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் தெருவில் பேச ஆளே மிஞ்சாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் கம்பெனியின் வார விடுமுறை ஒரு மழை நாளில் வந்தது. மனைவி பள்ளிக்குப் போய்விட்டாள். வீடு முழுக்க மழைச் சத்தம். என்னால் அந்த அமைதியில் இருக்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினேன். திறந்தவர் பதறி, “என்னாச்சி சார், தண்ணி வரலியா?” என்றார். உள்ளே அடுப்பில் களி கிளறும் வாசம் வந்தது.

“இல்லக்கா. சும்மாதான் இருக்கேன். ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. லைனில் நன்றாக உழைத்த ஆளைப் பார்க்கிற பார்வை.

“உங்களுக்குப் போயி நான் எப்பிடி சார் வேலை சொல்றது? ஆறு நாளு நின்னுட்டு வர்றீங்க. போயி படுங்க” என்று சொல்லி, என் மனம் நோகக்கூடாது என்று கதவை மெல்ல, சத்தமே வராமல் சாத்தினார்.

மனைவிக்குக் கிருஷ்ணகிரியில் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து நாங்கள் காலி செய்கிறவரை, அதே மரியாதையோடு அந்த மாடியில் குடியிருந்தோம்.